மெழுகுக்கு அடியில் ஒரு கை

மதிப்பும் பிரியமும் உள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் ஆசியோடும் கொஞ்சம் கூச்சத்தோடும் எழுதுவது. நீங்களும் என் மகளும் போன இடத்தில் குளிரும் புது வேலையும் உடம்புக்கு ஒத்துக்கொண்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் அத்தை நலம். நானும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் முப்பத்துநான்கு வருஷம் போலீஸ் கைரேகைப் பிரிவில் வேலை பார்த்தவன், சரிபார்க்காத ஒன்றை எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை. ஆகவே என் நலத்தைப் பற்றி, கடிதத்தை முழுக்கப் படித்தபின் நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள்.

போனில் பேசாமல் இவர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். என் போன் பத்து நாளாக என் கட்டைவிரலுக்குத் திறக்க மாட்டேன் என்கிறது. காரணம் பின்னால் வருகிறது. உங்கள் அத்தையின் போனில் பேசலாம். பேசினால் மகள் எடுப்பாள், எடுத்தால் சிரிப்பாள், அவள் சிரித்தால் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும். எப்போதுமே அப்படித்தான். எனவே கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். பெயர் ஒட்டாத அந்த வட்ட டப்பா மெழுகை உங்களுக்குக் கொடுத்தது யார்? காரில் பூசிய மெழுகைத் திரும்ப எடுக்க வழி உண்டா? எடுத்தால் அதோடு வேறு ஏதாவதும் சேர்ந்து போய்விடுமா? இந்த மூன்றுக்கும் மாதக் கடைசிக்குள் எனக்குப் பதில் வேண்டும்.

கார் எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்பீர்கள், மாமனார் எப்படி இருக்கிறார் என்று அப்புறம் கேட்பீர்கள். அந்த வரிசையில் எனக்கு வருத்தமில்லை. இரண்டு வருஷத்துக்கு என் பொறுப்பில் விட்டுவிட்டுப் போன சொத்து. கறுப்பு நிறம், இரண்டே கதவு, தரையோடு தரையாகப் படுத்திருக்கிற உடம்பு. அதில் ஏறுவதற்கு நான் மூன்றாக மடிய வேண்டும் என்பதால் இதுவரை ஏறவில்லை. போகும்போது நாற்பத்தொரு விதிகளைத் தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறை போட்டு ஷெட் சுவரில் மாட்டிவிட்டுப் போனீர்கள். வெறுங்கையால் பெயிண்டைத் தொடக் கூடாது என்பது முதல் விதி. சோப்புத் தண்ணீருக்கு ஒரு வாளி, அலசுவதற்கு ஒரு வாளி, இரண்டையும் மாற்றக் கூடாது என்பது நாலாவது. துணியை நேர்கோட்டில்தான் இழுக்க வேண்டும், வட்டமாகச் சுற்றினால் கீறல் விழும் என்பது ஒன்பதாவது. கீழே விழுந்த துணி மறுபடி காரைத் தொடக் கூடாது என்பது பன்னிரண்டாவது. நானே கீழே விழுந்தால் என்ன செய்வது என்பதற்கு விதி எதுவும் இல்லை. ஒன்று சொல்ல வேண்டும் மாப்பிள்ளை. என் மகளை நீங்கள் அழைத்துக்கொண்டு போனபோது நான் உங்கள் கையில் ஒரே ஒரு விதிகூடக் கொடுக்கவில்லை.

ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு இந்த வேலை பிடித்துப்போனது. ஓய்வு பெற்று மூன்று வருஷமாகக் காலை ஒன்பது மணிக்கு என்னை எதிர்பார்த்து யாரும் எங்கும் காத்திருக்கவில்லை. இப்போது கார் காத்திருந்தது. குளித்து, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, உங்கள் அத்தையிடம் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பதினெட்டு அடி நடந்து ஷெட்டுக்குப் போவேன். கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பெயிண்டைத் தடவினால், கண்ணுக்குத் தெரியாத தூசியெல்லாம் மணல் மாதிரி நெருடும். சோப்புத் தண்ணீர் தெளித்து, நீங்கள் கொடுத்த அந்தக் களிமண் கட்டியால் நீவிவிட்டு மறுபடி தடவினால் நெருடல் போயிருக்கும். அந்தச் சந்தோஷத்தை நான் ஆபீஸில்கூட அனுபவித்ததில்லை.

தகராறு ஆரம்பித்தது இருபத்துமூன்றாம் விதியில். கடைசிப் பூச்சுக்கு வட்ட டப்பா மெழுகைத்தான் எடுக்க வேண்டும், துணியோ பஞ்சோ கூடாது, பட்டாணி அளவு உள்ளங்கையில் வைத்துக் கைச்சூட்டில் உருக்கி, விரலாலேயே தேய்த்துப் பூச வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும் என்று எழுதியிருந்தீர்கள். முதல் விதிக்கும் இதற்கும் முட்டிக்கொள்கிறதே என்று யோசித்தேன். மெழுகு பூசும் கை வெறுங்கை ஆகாது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு பூசினேன். மெழுகு கையில் உருகியது நன்றாக இருந்தது. என் கையை அது விட மனசில்லாமல் விட்டது போலவும் இருந்தது. காரைப் போர்த்திவிட்டு, ஷெட்டைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை போர்வையை எடுத்தால், பின் சக்கரத்துக்கு மேலே ஒரு கை அடையாளம். ஐந்து விரலும் உள்ளங்கையும் சுத்தமாகப் பதிந்திருந்தன. கட்டைவிரல் வலப்பக்கம் இருந்தபடியால் இடது கை என்று குறிப்பெடுத்தேன். ஷெட்டுக்கு ஒரு கதவு, ஒரு பூட்டு, ஒரு சாவி. சந்தேகம் யார் மேல் போகும்? உங்கள் அத்தை மேல்தான். சமையல்கட்டு மேடையில் மைப்பலகையை வைத்து, கையைக் கொண்டா என்றேன். முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்தினதுக்கு இதுதான் மிச்சம் என்று சொல்லிக்கொண்டே பத்து விரலையும் கொடுத்தாள். அவளுடையது இல்லை. அடுத்தது மாடியில் குடியிருக்கும் பல் டாக்டர். அவர் சந்தோஷமாகக் கையை நீட்டினார். மை காய்ந்ததும், வெளிநாடு போகிற யோகம் இருக்கிறதா பாருங்கள் என்றார். இத்தனை வருஷத்தில் என் உத்தியோகத்தைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரு ஆளைக்கூட நான் சந்திக்கவில்லை. அவருடையதும் இல்லை.

இங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். வேறு யாராக இருந்தாலும் அந்த அடையாளத்தைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு மூன்று மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்கள். ஒரு பரப்பில் ரேகை இருந்தால், அதைப் படம் எடுத்து, அளந்து, எண் போட்டு, பிறகு துடைத்துச் சுத்தம் செய்துவிட்டுத்தான் நான் இடத்தை விட்டு நகர்வேன். கை அப்படிப் பழகிவிட்டது. படம் எடுத்தேன், துடைத்தேன், துடைத்த இடம் மங்கலாகத் தெரிந்ததால் மறுபடி விரலால் மெழுகு பூசினேன். மறுநாள் இன்னொரு கை. மறுபடி துடைத்தேன், மறுபடி பூசினேன். மூன்று மாதத்துக்கு ஒன்று என்று நீங்கள் சொன்ன பூச்சு மூன்று வாரத்தில் பத்தொன்பது ஆகிவிட்டது. இதை மறைக்கப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

கை ஒரே இடத்திலும் நிற்கவில்லை. பின் சக்கரத்துக்கு மேலிருந்து தினம் ஒரு ஜாண் முன்னால் நகர்ந்து வந்தது. மின்சாரம் போன அறையில் சுவிட்சைத் தேடிச் சுவரைத் தடவிக்கொண்டே வருவோமே, அந்த மாதிரி. ஆறாம் நாள் கதவின் ஓரத்துக்கு வந்துவிட்டது. சரி, முறைப்படி எடுப்போம் என்று பழைய பெட்டியிலிருந்து பொடியையும் பிரஷையும் எடுத்துத் தூவினேன். பொடி ஒட்டவில்லை. அடையாளத்தின் மேல் வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது. நகத்தால் லேசாகச் சுரண்டினேன், விரலால் தடவினேன், மேலே ஒன்றுமே இல்லை. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் குனிந்து பார்த்தபிறகுதான் விளங்கியது. அந்தக் கை மெழுகின் மேல் இல்லை. மெழுகுக்கு அடியில் இருந்தது.

அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. சாப்பாட்டின்போது உங்கள் அத்தை, நீங்க துடைக்கத் துடைக்கத்தானே அது வருது, ரெண்டு நாள் சும்மா இருந்துதான் பாருங்களேன் என்றாள். ரேகை விஷயத்தில் இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். சாதத்தை இன்னும் கொஞ்சம் போடு என்றேன்.

இதற்கு நடுவில்தான் ஓய்வூதிய ஆபீசுக்குப் போகும் நாள் வந்தது. வருஷத்துக்கு ஒரு முறை, நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று அங்கே கட்டைவிரலை வைத்து நிரூபிக்க வேண்டும். வைத்தேன். இயந்திரம் சிவப்பு விளக்குப் போட்டது. துடைத்துவிட்டு வைத்தேன், சிவப்பு. கவுண்டரில் இருந்த அம்மாள் பொறுமையாகப் பத்து விரலையும் வைக்கச் சொன்னார், பத்தும் சிவப்பு. கண்ணைப் பார்க்கும் இயந்திரம் ஒன்று உண்டாம், அது ரிப்பேராம். அந்த அம்மாள் என் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், உங்க விரல்ல ஒண்ணுமே இல்லையே" என்றார். முப்பத்துநாலு வருஷம் ஊரார் விரலைப் பார்த்தவனிடம் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும் மாப்பிள்ளை? மாதக் கடைசிக்குள் விரலோடு வாருங்கள், இல்லாவிட்டால் நீங்கள் இல்லை என்று தானாகப் பதிவாகிவிடும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார். மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும் என்று மேலே எழுதினேனே, அந்த அவசரத்தில் பாதி இதுதான்.

வீட்டுக்கு வந்து விரல்களில் மை தடவித் தாளில் வைத்தேன். பத்துக் கறுப்புத் திட்டு. உள்ளே ஒரு கோடு இல்லை. பதற்றப்படாமல் யோசித்தேன். சுண்ணாம்பில் வேலை செய்கிறவர்களுக்கும் பாத்திரம் துலக்குகிறவர்களுக்கும் ரேகை தேய்வதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், விட்டுவிட்டால் கொஞ்ச நாளில் திரும்ப வளர்ந்துவிடும். இதை உங்கள் அத்தைக்கு விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு, "எல்லார் கையையும் எடுத்தீங்களே, உங்க கையை எடுத்தீங்களா?" என்று கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் தொழிலில் முதல் பாடமே அதுதான். ஒரு இடத்துக்குப் போனால், முதலில் நம் ஆட்களின் ரேகையை எடுத்துக் கழித்துவிட்டு அப்புறம்தான் அந்நியனைத் தேட வேண்டும். எத்தனை பேருக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பெட்டியின் அடியிலிருந்து, வேலையில் சேர்ந்த அன்று எடுத்த என் பதிவுத் தாளைத் தேடி எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் என் வயசுக்கு ஓட்டம். தாளைக் காரின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அந்த மூச்சோடு வீட்டுக்கு வந்திருக்கலாம். என் புத்தி சும்மா இருக்கவில்லை, தாளைத் திருப்பி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பின்பக்கமாகப் பார்த்தேன். ரேகையை ஒப்பிட நாங்கள் எண்ணும் பதினாறு புள்ளியும் பொருந்தியது. சின்ன வயசில் கத்தி பட்ட தழும்புகூட அதே இடத்தில் இருந்தது. அது இடது கையே இல்லை மாப்பிள்ளை. என் வலது கை. வெளியிலிருந்து வைத்தது இல்லை. உள்ளே ஒரு ஆள் நின்றுகொண்டு, கண்ணாடிக் கதவில் வைக்கிற மாதிரி, அந்தப் பக்கத்திலிருந்து வைத்தது.

அன்றோடு நிறுத்தினேன். டப்பாவை மூடி மேலே செங்கல் வைத்தேன். அடுத்த நாள் காலை ஒன்பதரைக்குப் பார்த்தால் செங்கல் தரையில் இருக்கிறது, நான் காருக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து பூசிக்கொண்டிருக்கிறேன். எப்போது போனேன் என்று எனக்கே தெரியாது. உங்கள் அத்தை வந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். இழுத்தவள் அப்படியே கதவைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். அதில் எங்கள் இரண்டு பேரின் உருவமும் தெரிந்தது. "அதுல நீங்க நல்லா இருக்கீங்க, பத்து வயசு கொறஞ்ச மாதிரி" என்றாள், விளையாட்டாகச் சொல்லவில்லை. நான் கையை எடுத்தேன். கதவில் இருந்தவனும் எடுத்தான், ஆனால் கொஞ்சம் பொறுத்து எடுத்தான்.

ஓய்வூதியம் நின்றுபோனால் போகட்டும், மனு எழுதி வாங்கிக்கொள்ளலாம், மனு எழுதுவதில் எனக்கு ஆயிரம் பேருக்குச் சமமான பொறுமை உண்டு. என்னை உலுக்கியது வேறு. போன வாரம் உங்கள் அத்தைக்குக் காய்ச்சல் வந்தது, இப்போது சரியாகிவிட்டது, மகளிடம் சொல்லிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். எனக்குச் சூடு தெரியவில்லை. புறங்கையை வைத்தேன், தெரியவில்லை. டம்ளரில் ஆவி பறக்கிற தண்ணீரைப் பிடித்தேன், அது சூடா குளிரா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவள் கண்ணை மூடியபடியே என் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டு, "என்னங்க, இப்படி வழவழன்னு இருக்கு, உங்க கை மாதிரியே இல்ல" என்றாள். முப்பத்தெட்டு வருஷமாக இருட்டிலும் கூட்டத்திலும் கண்ணை மூடிக்கொண்டு பிடித்த கை. எனக்கு அழுகை வந்துவிட்டது, உங்களிடம் சொல்வதற்கென்ன.

இப்போது நிலைமை இதுதான். என் ரேகை, என் தொடு உணர்ச்சி, இன்னும் என்னென்னவோ, அந்த மெழுகுக்குள் போயிருக்கிறது. ஸ்பிரிட் போட்டு மெழுகை ஒரேயடியாகத் துடைத்து எடுத்துவிடலாம் என்று பார்த்தால், அதோடு சேர்த்து என்னையும் துடைத்து வாளியில் பிழிந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. துடைக்காமல் விடலாம் என்றால், கதவுக்கு வந்தபின் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்த அந்தக் கை நேற்று கதவின் கைப்பிடிக்கு நாலு விரற்கடை தூரத்துக்கு வந்துவிட்டது. கைப்பிடிக்கு வந்தபிறகு அது என்ன செய்யும் என்று உங்கள் நாற்பத்தொரு விதியையும் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. நீங்கள் இந்தக் காரை யாரிடம் வாங்கினீர்கள், அவருக்கு இப்போது விரல் ரேகை இருக்கிறதா, இதைக் கேட்டு எழுதுங்கள். முடிந்தால் நீங்களே கிளம்பி வந்து காரை ஓட்டிக்கொண்டு போய்விடுங்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. என் கை எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

மகளிடம் அப்பா நன்றாகக் காரைப் பார்த்துக்கொள்கிறார் என்று மட்டும் சொல்லுங்கள். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், மனஸ்தாபம் இல்லாமல், செல்வாக்கோடு வாழ வேண்டும் என்று நெஞ்சார வாழ்த்துகிறேன். உங்கள் அத்தையும் வாழ்த்தைச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் பதிலை எதிர்பார்க்கும்
மாமனார்

பி.கு.: மேலே எழுதியுள்ள அனைத்தையும் பொருட்படுத்த வேண்டாம். கடிதத்தை எழுதி முடித்து நான்கு நாட்கள் ஆகிவிட்டன. இதற்குள் எல்லாம் முறையாகச் சரியாகிவிட்டது. கிழித்துப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். உங்கள் அத்தைதான் விடவில்லை. ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் இதை மாப்பிள்ளைக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். என் விரல்கள் பத்தும் நல்ல நிலையில் உள்ளன. இன்று காலை ஓய்வூதிய அலுவலகத்தில் முதல் தடவையிலேயே பச்சை விளக்கு எரிந்தது. இவ்வளவு தெளிவான ரேகையைப் பார்த்ததே இல்லை என்று அந்த அம்மாள் பாராட்டினார். மெழுகைப் பற்றி யாரிடமும் விசாரிக்க வேண்டாம். நீங்கள் வரவும் வேண்டாம். கார் மிகச் சிறப்பாக உள்ளது. ஓட்டுநர் பக்கக் கதவில் மட்டும் ஒரு சிறு குறை: உள்ளங்கை அடையாளம் ஒன்று, கோடு எதுவும் இல்லாமல் வழவழப்பாக, பூச்சுக்கு அடியில் இருக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை, நாளடைவில் மங்கிவிடும். ஆனால் உங்கள் அத்தைக்கு நீங்கள் ஒரு வார்த்தை எழுத வேண்டும். காலை ஒன்பது மணிக்கெல்லாம் ஷெட்டுக்குப் போய், அந்த இடத்தில் தன் வெறுங்கையை வைத்துக்கொண்டு நின்றுவிடுகிறாள். விதிப்படி இது தவறு என்று எடுத்துச் சொன்னேன். சாப்பிட வா என்று கூப்பிட்டால், "அவரு கை சில்லுன்னு இருக்கு, கொஞ்சம் சூடு ஏறட்டும்" என்கிறாள்.